நான்காம் கேமரா கண் மூடும் நேரம்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்திற்கு, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்த மாடி வீட்டின் வாசலில் துப்பறிவாளர் சண்முகப்ரியா தம் செருப்பைக் கழற்றியபோது, ஒரு பெண்மணியின் பன்னிரண்டு ஆண்டு வேலைக்கு இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடமே மீதம் இருந்தது.

அந்தப் பெண்மணிக்கு அது தெரியாது. வீட்டுத் தலைவியாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் மொத்தம் நால்வர். ஒருவர் குவைத்தில் இருந்தார். ஒருவர் வாசற்படியில் நகம் கடித்துக்கொண்டு நின்றார். மற்ற இருவர் ஏணியோடு இப்போதுதான் வந்து இறங்கியவர்கள்.

ஏணியைச் சுமந்து வந்தவர் கோகுலகிருஷ்ணன். திட்டக்குடி வழித்தடத்தில் பதினான்கு ஆண்டுகள் தனியார் பேருந்து நடத்துநராகப் பணியாற்றியவர். துப்பறியும் தொழிலுக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது. ஆயினும் முகத்தைப் பார்த்தே, இவர் பயணச்சீட்டு வாங்கவில்லை என்று கண்டுபிடிக்கும் பழைய திறமை அவரிடம் மிச்சமிருந்தது. பழைய குரலும் மிச்சமிருந்தது என்பதுதான் சிக்கல்.

“ஏணிய எந்தப் பக்கம் ஏத்துறது பாய்? முன்படிக்கட்டா, பின்படிக்கட்டா?”

“மெதுவா பேசுங்கண்ணா!” என்று பதறினார் நகம் கடித்துக்கொண்டிருந்த அசீம். “அண்ணிக்குக் கேட்டுடப் போவுது. கேமரா ரிப்பேருக்கு வந்திருக்காங்கன்னுதான் சொல்லி வச்சிருக்குறேன்.”

“நான் ஆலடி ரோட்டுல ரைட்டு சொன்னா திட்டக்குடி பக்கம் மங்களூர்ல வண்டி கெளம்பும். எனக்கு மெதுவுன்னா என்னன்னே தெரியாது.”

“கோகுலண்ணா, கொஞ்சம் ஹோல்டான்” என்றார் சண்முகப்ரியா.

நடத்துநர் மொழியிலேயே சொல்லப்பட்டதால் கோகுலகிருஷ்ணன் உடனே நின்றார்.

வழக்கின் விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது மரியாதை. வீட்டுக்காரர் பரக்கத்துல்லா குவைத்தில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். இங்கே வீட்டின் பின்புறக் கொட்டகையில் சிறிய பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்று நடக்கிறது. அதை அவருடைய தம்பி அசீம் கவனித்துக்கொள்கிறார். கூடம், வாசல், வண்டி நிறுத்துமிடம், கொட்டகை என நான்கு இடங்களில் கேமரா உண்டு. முதல் மூன்றும் ஒயர் இழுத்தவை. கொட்டகைக் கேமரா மட்டும் வைஃபையில் ஓடுகிறது. முந்தைய நாள் பரக்கத்துல்லா அனுப்பிய குரல்பதிவைச் சண்முகப்ரியா தம் கைப்பேசியில் மறுபடியும் தாழ்ந்த ஒலியில் ஓடவிட்டார்.

“மேடம், எனக்குச் சாப்பாட்டு நேரம் ஒன்றரை மணி. நம்ம ஊர்ல அப்போ நாலு. நான் போனைத் தொறந்து வூட்டப் பாக்குறது அந்த ஒரு நேரந்தான். கரெக்டா அப்பதான் நாலாவது கேமரா கருப்பாவுது. அஞ்சு மணிக்கு மேல தானா வந்துடுது. நான் பாக்குற நேரத்த யாரோ தெரிஞ்சு வச்சிக்கிட்டு செய்யறாங்க. கருப்பாவுறதுக்கு முன்னாடி வர்ற கடைசிப் படத்த அனுப்பியிருக்குறேன் பாருங்க. வெள்ளிக்கெழமை பட்டறை லீவு. தங்கம்மா வரல. கேமராவும் போவல. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது? நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நீங்க வேற காரணம் சொன்னா சரி. இல்லன்னா அசீம் அந்தம்மாவ நிறுத்திடுவான். எங்க வூட்ல மட்டும் சொல்லிடாதீங்க. அவங்களுக்குத் தங்கம்மான்னா உசுரு.”

படத்தில், கொட்டகையை ஒட்டிய வெளிப்புற மாடிப்படியின் அடியில், ஒரு பெண்மணியின் முதுகு தெரிந்தது. அவர் இடுப்போரம் வெள்ளைத் துணி சுற்றிய ஏதோ ஒன்று. நேரம் நான்கு மணி ஐந்து நிமிடம்.

“மூட்டை!” என்றார் கோகுலகிருஷ்ணன். “லக்கேஜு. அரை டிக்கெட்டு கூட இல்ல.”

“அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல மேடம்” என்றார் அசீம், தரையைப் பார்த்தபடி. “பன்னெண்டு வருஷமா இருக்குறாங்க. அண்ணன் சொன்னா நான் செஞ்சுதான் ஆவணும். ஆனா அஞ்சு மணிக்கு அவங்க மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியுமான்னு தெரியல.”

“சொல்ல வேண்டியிருக்காதுன்னு நம்புவோம் சார்” என்றார் சண்முகப்ரியா.

கொட்டகைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் கட்டை விரல் உயரம். பாதி யானைகளுக்குக் கண் இருந்தது, பாதிக்கு இல்லை. நடுவில் பலகையில் அமர்ந்து, மயிரிழைத் தூரிகையால் கண் எழுதிக்கொண்டிருந்தவர்தான் தங்கம்மாள். அந்தப் பட்டறையில் அச்சு வார்க்க மூவர் உண்டு. கண் எழுதுபவர் அவர் ஒருவரே. அவர் எழுதிய யானை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நம்மையே பார்க்கும் என்று கடைக்காரர்கள் கேட்டு வாங்குவார்களாம்.

“இன்னாங்க இது, எல்லா யானையும் என்னையே மொறைக்குது?” என்றார் கோகுலகிருஷ்ணன்.

தங்கம்மாள் நிமிர்ந்தார். கண்ணைச் சுருக்கினார். “நீங்க திட்டக்குடி பஸ்ஸு கண்டக்டருதானே? எங்க கைகாட்டி ஸ்டாப்புல கையக் காட்டக் காட்ட நிக்காம போவீங்களே, அவருதானே? மொறைக்காம என்ன செய்யும்?”

சண்முகப்ரியா திரும்பி நின்று சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

“அது டிரைவரு செஞ்ச தப்புங்க.”

“டிரைவரக் கேட்டா கண்டக்டர்னு சொல்லுவாரு. இப்ப கேமராவா?”

“ஆமாங்க. இதாவது நிக்க வேண்டிய எடத்துல நிக்குதான்னு பாக்க வந்தோம்.”

தங்கம்மாள் தூரிகையால் மேலே சுட்டினார். உத்தரத்தின் கீழ், பட்டறையும் வெளியே மாடிப்படியும் தெரியும்படி, நான்காம் கேமரா உருண்டையாகத் தொங்கியது. “அது தொறந்திருக்குதா மூடியிருக்குதான்னே ஒண்ணும் வெளங்கல. கறுப்பா ஒரு உருண்டை. நான் எழுதியிருந்தா நல்லா முழிச்சிப் பாக்குற மாதிரி எழுதியிருப்பேன்.”

கேமராவை அணைப்பவர் பேசும் பேச்சாக அது இல்லை. ஆயினும் பேச்சு சான்றாகாது என்பதால், சண்முகப்ரியா ஏணியில் ஏறினார்.

கேமராவின் மின்செருகி, உத்தரத்தின் இடுக்கில் இருந்தது. செருகிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை. வலை முழுக்கப் பீங்கான் மண்ணின் வெண்தூசி படிந்து, மெல்லிய துணிபோல் கனத்திருந்தது. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

“கோகுலண்ணா, இந்த வலை எவ்வளவு நாள் பழசு இருக்கும்?”

“தூசியப் பாத்தா ரெண்டு மூணு மாசம். சிலந்தி சீசன் பாஸ் வச்சிருக்குது மேடம்.”

“அப்படின்னா ரெண்டு மூணு மாசமா இந்தச் செருகிய யாரும் தொடலை. தினமும் நாலு மணிக்குப் புடுங்கி அஞ்சு மணிக்குச் சொருகினா வலை இப்படி இருக்காது.”

கோகுலகிருஷ்ணன் தோற்றுப்போக விரும்பவில்லை. “அப்ப சூளை! கரண்டு சூளை போட்டாங்கன்னா வோல்டேஜு எறங்கும். கேமரா மயங்கிடும். கேஸ் முடிஞ்சுது, எல்லாரும் எறங்குங்க.”

“சூளைய ஞாயித்துக்கெழமைதாங்க போடுவோம்” என்றார் தங்கம்மாள், அடுத்த யானையை எடுத்தபடி. “வேணும்னா கதவத் தொட்டுப் பாருங்க. பூனை பாட்டுக்கு உள்ள போயி தூங்குது.”

கோகுலகிருஷ்ணன் தொட்டுப் பார்த்தார். சூளை குளிர்ந்திருந்தது. உள்ளிருந்து ஒரு பூனை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

சண்முகப்ரியா ஏணியில் நின்றபடியே கைப்பேசியில் வைஃபை அளவைப் பார்த்தார். நான்கு கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கோடு. கூடத்திலிருக்கும் ரவுட்டருக்கும் இந்தக் கேமராவுக்கும் நடுவே ஒரு சுவரும், முற்றமும், கொட்டகையின் தகரமும் இருந்தன. நான்காம் கேமரா, கைப்பிடியை ஒற்றை விரலால் பற்றிப் படிக்கட்டில் தொங்கும் பயணியைப் போல, ஒற்றைக் கோட்டில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது.

“யாரும் இதைத் தள்ள வேண்டியதில்லை” என்றார் அவர், இறங்கியபடி. “குறுக்க யாராவது நின்னாலே போதும், விழுந்துடும்.”

மணி மூன்று நாற்பத்தைந்து.

கூடத்தில் வீட்டுத் தலைவியார் பதுருன்னிசா தேநீரோடு வரவேற்றார். முழங்கால் வலியால் மெல்ல நடந்தாலும், பேச்சில் எந்தத் தளர்ச்சியும் இல்லாத அம்மையார். “உக்காருங்கம்மா. கேமரா போனா போவுது. மொதல்ல டீயக் குடிங்க. எங்க அவரு இருக்காருல்ல, மத்தியானம் சோத்துல கைய வச்சிக்கிட்டே வூட்டப் பாப்பாரு. மீனு போட்டாங்களா, கறி போட்டாங்களான்னு அதக்கூட கவனிக்க மாட்டாரு.”

“தினமும் பார்ப்பாருங்களாம்மா?”

“வெள்ளிக்கெழமை தவிர. அன்னிக்கு அவருக்கு லீவு, வீடியோவுல பேசிடுவாரு. மத்த நாளு அந்தா, அதுல வந்து பேசுவாரு.” அவர் மேலே காட்டினார். கூடத்து மூலையில் முதல் கேமரா. அதற்குள் சிறிய ஒலிபெருக்கியும் இருந்தது. “திடீர்னு கூரையிலேருந்து சத்தம் வரும். போன வாரம் தபால்காரரு வாசல்ல நின்னு கடிதாசு குடுத்தப்ப, ‘யாரு அது’ன்னு கேட்டுச்சி. அவரு கையெழுத்து வாங்காமலே போயிட்டாரு.”

சண்முகப்ரியா, கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியைத் திரையில் இணைத்து, கடந்த ஒன்பது நாட்களைப் பார்த்தார். நான்காம் கேமரா ஏழு நாட்கள், நான்கு மணி ஆறேழு நிமிடத்திற்கு இருண்டு, ஐந்து மணிக்குச் சற்றுப் பின் மீண்டிருந்தது. இரண்டு நாட்கள் மட்டும் இருளவே இல்லை. ஒன்று வெள்ளிக்கிழமை. மற்றொன்று புதன்கிழமை.

“அசீம் சார், போன புதன்கிழமை தங்கம்மாள் வேலைக்கு வந்தாங்களா?”

“வந்தாங்களே. சித்திரையில அப்படியொரு மழை பேஞ்சுதே, நனைஞ்சிக்கிட்டே வந்தாங்க.”

சண்முகப்ரியாவின் தேநீர்க் குவளை பாதி வழியில் நின்றது. அது அவருக்கு நல்ல செய்தி கிடைத்ததன் அடையாளம். “தங்கம்மாள் வந்தும் புதன்கிழமை கேமரா போகலை. அப்படின்னா வெள்ளிக்கிழமைக்கும் மழை நாளுக்கும் பொதுவா என்ன இருக்கு, கோகுலண்ணா?”

“ரெண்டுமே பிரியாணிக்கு ஏத்த நாளு மேடம்.”

“வேற?”

“பாய் வூட்ல உக்காந்துகிட்டு வேற எதையும் யோசிக்க வரமாட்டேங்குது.”

சண்முகப்ரியா எழுந்து ரவுட்டரை அணுகினார். கூடத்தின் பின்சுவர்ப் பக்கம், ஜன்னலை ஒட்டிய சிமெண்டுத் தட்டில் அது இருந்தது. அதன் விளக்குகள் ஒழுங்காகச் சிமிட்டின. தூசியும் இல்லை, சூடும் இல்லை. ஆனால் ரவுட்டருக்கும் ஜன்னலுக்கும் நடுவே, தட்டின் மேல், ஒரு வட்டம் இருந்தது. சாப்பாட்டுத் தட்டின் அகலத்தில், வெள்ளைத் தூளால் வரைந்தாற்போன்ற வட்டம்.

“பீங்கான் மண்ணு” என்றார் கோகுலகிருஷ்ணன், எட்டிப் பார்த்துவிட்டு. “இந்த ஊர்ல எங்க தொட்டாலும் இதானே. எங்க வூட்டு இட்லி மேலகூட இருக்கும்.”

அவர் சொன்னது நியாயமே. விருத்தாசலத்தில் வெள்ளையாக ஒரு தூள் கிடந்தால் யாரும் அதை இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பதுருன்னிசா துடைத்திருக்கவில்லை, அசீம் கவனித்திருக்கவில்லை, துடைத்து மாளாது என்பது அந்த ஊரில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட உண்மை.

சண்முகப்ரியா விரல் நுனியால் தொட்டு, நாக்கில் வைத்தார்.

“மேடம்! ஐயோ மேடம்! மண்ணத் திங்கிறீங்களே!”

அவர் கண்ணை மூடி ஒரு கணம் சுவைத்தார். பின்னர் புன்னகை செய்தார். மறுபடியும் ஒருமுறை தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

“கோகுலண்ணா, நாலு மணிக்கு இந்தக் கூடத்துக்கு ஒருத்தர் வருவாங்க. வெயில் அடிச்சாத்தான் வருவாங்க. மழை பேஞ்சா வர மாட்டாங்க. வெள்ளிக்கிழமை அவங்களுக்கும் லீவு. வந்து இந்த வட்டத்துல உட்காருவாங்க. நீங்க கைப்பேசியில நாலாவது கேமராவை விடாம பார்த்துக்கிட்டே இருங்க.”

“யாரு மேடம் அது?”

“சொல்லிட்டா உங்களுக்குச் சுவாரஸ்யம் போயிடும்.”

மணி நான்கு. கோகுலகிருஷ்ணன் இமைக்காமல் திரையைப் பார்த்தார். நான்கு சதுரங்களில் நான்கு படங்கள். நான்காவதில், தங்கம்மாள் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, வெளிப்புறப் படியேறி மாடிக்குப் போனார். நான்கு ஐந்துக்கு இறங்கினார். இடுப்போரம் வெள்ளைத் துணி. அதே முதுகு. அதே மூட்டை.

“மேடம், வராங்க. மூட்டையோட வராங்க. ஆனா பின்வாசலுக்குப் போவலியே! இங்கதான் திரும்புறாங்க!”

கூடத்தின் பின்கதவு திறந்தது. தங்கம்மாள் உள்ளே வந்தார். இடுப்பில் இருந்தது ஓர் ஊறுகாய் ஜாடி. மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெள்ளை, கையணைப்பில் அடங்காத பெரிய பீங்கான் ஜாடி. அதன் வாயை மூடி, வெள்ளைத் துணியால் வேடு கட்டியிருந்தது. துணியின் மிச்சம் ஜாடியின் தோள்வரை இறங்கியிருந்தது.

“இந்தாங்க பாயம்மா. இன்னிக்கு நல்ல வெயிலு. எலுமிச்சம் பழம் ஊறி, தோலெல்லாம் தளதளன்னு இருக்குது.”

“உனக்கு இடுப்பு போயிடும்டி தங்கம்மா. என் முட்டி சரியா இருந்தா நானே ஏறியிருப்பேன்” என்றபடி பதுருன்னிசா ஒரு கை கொடுக்க, இருவருமாக ஜாடியைத் தூக்கி, ரவுட்டரின் அருகே அந்த வெள்ளை வட்டத்தில் மிகச் சரியாக இறக்கி வைத்தார்கள்.

கோகுலகிருஷ்ணனின் கையில் நான்காவது சதுரம் தடுமாறியது, உறைந்தது, கருப்பானது.

“ஹோல்டான்!” என்று அவர் போட்ட கூச்சலில் பூனை சூளையை விட்டு ஓடியிருக்கும். “செத்துடிச்சி! கேமரா செத்துடிச்சி! மேடம், கண்டுபிடிச்சிட்டேன். பீங்கான்! ஃபியூசு கேரியரு எதுல செய்யறாங்க? பீங்கான்ல. ஏன்? கரண்டையே தடுக்கும். கரண்டையே தடுக்குறது வைஃபைய விட்டுவைக்குமா? நம்ம ஊரு பெருமையே நமக்கு எதிரியா வந்துடிச்சி பாருங்க!”

“நல்ல யோசனை” என்றார் சண்முகப்ரியா. பாராட்டு உண்மையானதே. “தங்கம்மாக்கா, பட்டறையில இதே அளவுல காலி ஜாடி இருக்குமா?”

“கழிச்சுப்போட்ட செகண்ட்ஸு ஜாடி பத்து கெடக்குது. இருங்க.”

ஊறுகாய் ஜாடியை அகற்றி நாற்காலியில் வைத்தார்கள். ஓரிரு நிமிடத்தில் நான்காவது சதுரம் உயிர் பெற்றது. அதே வட்டத்தில் காலி ஜாடியை வைத்தார்கள். கோகுலகிருஷ்ணன் பார்த்தார். சதுரம் கருப்பாகவில்லை. மேலும் ஒரு காலி ஜாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் நெருக்கினார்கள். யானைகள் நிம்மதியாகத் தெரிந்தன.

“பீங்கான் நிரபராதி” என்றார் சண்முகப்ரியா. “உள்ள இருக்குறதுதான் ஆளு. உப்புத் தண்ணி. ஜாடி நெறைய உப்புத் தண்ணி இருந்தா அது வைஃபையைக் குடிச்சிடும். முன்பக்கம் இருக்குறவங்களுக்குத் தெரியாது. பின்னாடி ஒத்தைக் கோட்டுல தொங்குற நாலாவது கேமரா மட்டும் விழுந்துடும். வட்டத்துல இருந்தது மண்ணு இல்லை, கோகுலண்ணா. ஜாடியில கசிஞ்சு காஞ்ச உப்பு.”

கோகுலகிருஷ்ணன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “எலுமிச்சை வாசம் கூட வருது மேடம்.”

“வெயில் அடிச்சாத்தான் ஜாடி மாடிக்குப் போகும். மழையன்னிக்கு அடுப்படியிலேயே இருந்துடும். வெள்ளிக்கிழமை தூக்குறதுக்குத் தங்கம்மாக்கா இல்லை, அதனால அன்னிக்கும் அடுப்படியிலேயே இருந்துடும்.”

“அப்ப எல்லாம் சரியாப் போச்சு!” என்று அசீம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக எழுந்தார். மணி நான்கு இருபது. அவர் முகத்தில் ஒன்பது நாட்களாகக் காணாத சிரிப்பு வந்தது.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சார்” என்றார் சண்முகப்ரியா. “ஊறுகாய் ஜாடி மாடியிலேருந்து எறங்கினா அடுப்படிக்குப் போகணும். அடுப்படி அந்தப் பக்கம். எதுக்காக தினமும் ஒரு மணி நேரம் கூடத்துல, அதுவும் மிகச் சரியா இந்த வட்டத்துல வந்து உட்காருது?”

பதுருன்னிசா வாயைத் திறந்தார். அவர் பதில் சொல்லுமுன், கூரை பேசியது.

“யாரு அது? ஜாடிய எதுக்கு நாற்காலியில வச்சிருக்கீங்க? பது, என்ன நடக்குது அங்க?”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூடத்துக் கேமராவில் நீல விளக்கு எரிந்தது. குவைத்தில் சாப்பாட்டு நேரம்.

“அங்க ரெண்டு ஜாடி யாரு வச்சது? அது நம்மளுது இல்லியே. நம்மளுத மறுபடியும் தட்டுல வைங்க. இன்னும் கொஞ்சம் லெஃப்டு. இன்னும் லெஃப்டு… அந்த டப்பாவ ஒட்டி. ஆங், வேடு தெரியுது. அப்படியே இருக்கட்டும்.”

அந்த டப்பா என்று அவர் குறிப்பிட்டது ரவுட்டரை.

பழக்க தோஷத்தால் தங்கம்மாளும் பதுருன்னிசாவும் ஜாடியை அவர் சொன்ன இடத்திலேயே வைத்துவிட்டார்கள். கோகுலகிருஷ்ணனின் கையில் நான்காவது சதுரம் கருப்பானது. அவர் அந்தக் கைப்பேசியை மெல்ல உயர்த்தி, கூரையிலிருந்த கேமராவுக்குக் காட்டினார்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா மேடம்!” என்று கூரை கொந்தளித்தது. “இப்பவும் போயிடிச்சி! நாலு அஞ்சுக்கு அந்தம்மா மூட்டையோட எறங்குனாங்க, நான் என் கண்ணால பாத்தேன்! இன்னிக்கே நிறுத்திடு அசீமு, சொல்லிட்டேன்!”

தங்கம்மாள் ஜாடியிலிருந்து கையை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“யாரு, நானா?” என்றார் தங்கம்மாள். “என்ன மூட்டைங்க?”

தங்கம்மாளும் கூடத்திலேயே நிற்கிறார் என்பதைக் கோபத்தில் கூரை மறந்துவிட்டிருந்தது.

சண்முகப்ரியா நாற்காலியைக் கேமராவுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். “வணக்கம் சார். சாப்பாட்டு நேரத்துல தொந்தரவு செய்யறதுக்கு மன்னிக்கணும். ரெண்டே கேள்வி. நீங்க அனுப்பின படத்துல இருக்குற மூட்டை, இதோ இந்த ஜாடிதானே? துணியப் பாருங்க.”

குவைத்தில் யாரோ தட்டை வைக்கும் ஓசை கேட்டது.

“…ஆமா.”

“இத இந்த இடத்துல, அந்த டப்பாவ ஒட்டி வைக்கச் சொன்னது யாரு சார்?”

குவைத்தில் யாரோ தண்ணீர் குடிக்கும் ஓசை கேட்டது.

“ஹால் கேமராவுல நல்லா தெரியற எடம் அதான் மேடம். அடுப்படியில கேமரா இல்ல. ஆறு வருஷமா கடை ஊறுகாய் தின்னு நாக்கு செத்துப் போச்சி. அடுத்த வாரம் நம்ம ஊரு பையன் இஃப்திகார் லீவு முடிஞ்சு இங்க வரும்போது கையில குடுத்தனுப்புறாங்க. அதுவரைக்கும் தெனமும் ஒரு தடவ கண்ணால பாத்துக்கிட்டாவது சாப்புடலாம்னு…” குரல் தேய்ந்தது. “நான்தான் வைக்கச் சொன்னேன்.”

“ஜாடிதான் சார் கேமராவ அணைக்குது. உள்ள இருக்குற உப்புத் தண்ணி.”

“அப்ப நான் பாக்குற நேரத்துல மட்டும் போவுதுன்னா…”

“நீங்க பாக்குறதுக்காக வைக்கிறதாலதான் போவுது.”

கோகுலகிருஷ்ணன் தாங்க முடியாமல் குறுக்கிட்டார். “கண்டக்டரே டிக்கெட்டு வாங்காம வந்த மாதிரி இருக்குதுங்க பாய்!”

அசீம் சிரிக்கத் தொடங்கி, அண்ணன் பார்ப்பதை நினைத்து நிறுத்தி, நிறுத்த முடியாமல் திரும்பிக்கொண்டார். ஆனால் பதுருன்னிசா சிரிக்கவில்லை. அவர் முழங்கால் வலியை மறந்து கேமராவின் கீழே போய் நின்றார்.

“என்னங்க. நம்ம தங்கம்மாவயா? எனக்கு ஆபரேஷன் ஆனப்ப பத்து நாளு ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தவள? உங்க ஊறுகாய்க்கு ஒம்போது நாளா இடுப்பொடிய மாடி ஏறி எறங்குறவள?”

“பது, நான் என்ன சொல்றேன்னா…”

“எங்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட சொல்லுங்க.”

கூரையிலிருந்து தொண்டையைச் செருமும் ஓசை வந்தது. ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து வருவதால் அது சற்றுத் தாமதமாகவும், அதனாலேயே கூடுதல் வெட்கத்துடனும் ஒலித்தது.

“தங்கம்மா. தப்பா நெனச்சிட்டேன். தூரத்துல இருக்குறவனுக்கு எல்லாமே மூட்டையாத்தான் தெரியுது. மன்னிச்சிக்கங்க.”

தங்கம்மாள் புடைவைத் தலைப்பால் கையைத் துடைத்தார். விரல் நுனியில் கறுப்பு மை இன்னும் ஈரமாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்த அசீமும் இப்போது சிரிப்பதை நிறுத்தி அவரையே பார்த்தார்.

“அந்த நாலாவது கேமராவக் கழட்டிடலாம் மேடம்” என்று கூரை அவசரமாகச் சேர்த்தது. “அவசியமே இல்ல. பின்னாடி பாத்துக்க தங்கம்மா இருக்காங்க. ஜாடி மட்டும் இங்கயே இருக்கட்டும்.”

“கழட்ட வேணாங்க” என்றார் தங்கம்மாள்.

“ஏம்மா?”

“நான் எதத் தூக்கிக்கிட்டுப் போறேன்னு இனிமே தெளிவா தெரியணும். நாளைக்கும் நான் ஜாடிய எறக்குவேன். நீங்க பாக்கணும். முதுகப் பாத்து இல்ல. மூஞ்சியப் பாத்து.”

சண்முகப்ரியா எழுந்தார். “அதுக்கு ரெண்டு நிமிஷம் போதும்” என்றவர், ரவுட்டரை எடுத்து, ஜாடியின் வேட்டுக்கும் மேலே, ஜன்னலின் மேல் விளிம்பில் வைத்து, ஒயரை ஆணியில் மாட்டினார். கோகுலகிருஷ்ணனின் கையில் நான்காவது சதுரம் விழித்துக்கொண்டது. ஜாடி இருந்த இடத்திலேயே இருந்தது. கேமராவும் உயிரோடு இருந்தது.

“அவ்ளோதானா?” என்றார் அசீம்.

“அவ்வளவுதான் சார்.”

“இதுக்காடா ஒம்போது நாளு நகத்தத் தின்ன!” என்று பதுருன்னிசா கொழுந்தனாரின் கையைத் தட்டிவிட்டார். பிறகு கேமராவை நோக்கி விரலை உயர்த்தினார். “இன்னொண்ணும் கேட்டுக்கங்க. இஃப்திகார் கையில பாதி ஜாடிதான் வரும். மீதி தங்கம்மா வூட்டுக்குப் போவுது.”

கூரை ஏதோ முனகியது. ஆட்சேபம் என்று சொல்லுமளவுக்கு அதில் துணிவு இல்லை.

ஐந்து மணிக்கு அசீம் கொட்டகைக்குப் போய்த் தங்கம்மாளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். “நாளைக்கு யானை எழுபது இருக்குதுக்கா. சீக்கிரமா வந்துடுங்க.”

மறுநாள் நான்கு மணி இருபது நிமிடத்திற்கு, ஊருக்குள் பாலக்கரையில் தம் அலுவலகத்தில் அமர்ந்திருந்த சண்முகப்ரியாவின் கைப்பேசிக்கு, குவைத்திலிருந்து ஒரு படம் வந்தது. கூடவே ஒரு குரல்பதிவும்.

படத்தில், மாடிப்படியின் அடியில், தங்கம்மாள் கேமராவுக்கு நேராகத் திரும்பி நின்றிருந்தார். ஜாடியை இருகைகளாலும் முன்னால் ஏந்தியிருந்தார். ஜாடியின் வெள்ளை வயிற்றில், கறுப்பு மையால், மயிரிழைத் தூரிகையால், இரண்டு பெரிய கண்கள் எழுதப்பட்டிருந்தன. நன்றாக விழித்த கண்கள். இமை மயிர்கூட விட்டுப்போகவில்லை.

கோகுலகிருஷ்ணன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, தம்மையறியாமல் ஓரடி பின்வாங்கினார். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

“மேடம், எங்க நின்னாலும் என்னையே பாக்குது.”

சண்முகப்ரியா குரல்பதிவைத் தட்டினார்.

“மேடம்,” என்றது பரக்கத்துல்லாவின் குரல், மிகவும் தாழ்ந்து, “நாலு கேமராவும் நல்லா தெரியுது. ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம். ஜாடி இப்ப ஹாலுக்கு வந்துடிச்சி. தட்டுல உக்காந்துகிட்டு என்னையே மொறைக்குது. சோறு எறங்க மாட்டேங்குது. அதக் கொஞ்சம் அந்தப் பக்கமா திருப்பி வைக்கச் சொல்ல முடியுங்களா? நான் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்குறாங்க.”